அடுப்பை இறக்கி வைத்துவிட்டுக் கப்பலேறுவோம்



பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஒரே பேச்சு, "இந்த முறை எங்கே போறது?" என்பதுதான். ஒரு காலத்தில் இந்தப் பேச்சு நுவரெலியாவோடும் காலியோடும் முடிந்துபோனது. இப்போது அது கடலையும் தாண்டிவிட்டது. மாலைதீவு என்கிறார்கள், லட்சத்தீவு என்கிறார்கள், மலேசியாவின் லங்காவி என்கிறார்கள். விமானத்தில் போய் ஹோட்டலில் தங்குவதல்ல. கப்பலிலேயே உண்டு, உறங்கி, தீவு தீவாக இறங்கிப் பார்த்து வருவதாம். கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்களைக் காட்டிப் பிள்ளைகள் உம்மாவையும் வாப்பாவையும் நச்சரிக்கிறார்கள்.

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வசிக்கும் வாசகி ஒருவர் இதைப்பற்றித்தான் எழுதியிருக்கிறார். பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டில் வேலை செய்யும் கணவரின் தம்பி லீவில் வருகிறாராம். குடும்பம் முழுவதும் கப்பலில் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. தன் குடும்பத்தின் செலவை அவர் பார்த்துக்கொள்வார். இவர்களுடைய பங்குக்கு, கல்யாணத்தில் உம்மா போட்ட வளையல் இரண்டை அடகு வைத்தால் போதும் என்கிறாராம் கணவர். மாமிக்கு முழங்கால் வலி. ஆனாலும் அவரை விட்டுவிட்டுப் போக முடியாது. இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படிக் கேட்கிறார்:

"ராத்தா, கடனை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனாலும் போக வேண்டும் என்று மனசு சொல்கிறது. கல்யாணம் முடித்துப் பதினாறு வருஷம். எத்தனையோ ட்ரிப் போய்விட்டோம். ஒரு பயணத்திலாவது நான் சமைக்காமல் இருந்ததில்லை. கப்பலில் யாரும் என்னைக் குசினிக்குக் கூப்பிட முடியாதல்லவா?"

இந்தக் கடைசி வரியை வாசித்ததும் உங்களில் பலர் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். தீவையும் கப்பலையும் பற்றிப் பேசுமுன் அந்தப் பெருமூச்சைப் பற்றிப் பேசிவிடுவோம்.

நம் பயணங்களில் ஓய்வு யாருக்கு?

நம் குடும்பங்களில் ஒரு பயணம் எப்படித் தொடங்குகிறது? சுபஹுக்கு வேன் வரும் என்றால் வீட்டுக்காரி இரவு இரண்டு மணிக்கே எழும்பியாக வேண்டும். கோழி வெட்டிக் கழுவி மசாலா பூசியது முந்திய நாள் இரவு. சோறு, கறி, சம்பல், அவித்த முட்டை, பிள்ளைகளுக்குத் தனியாக உறைப்பில்லாத கறி, மாமிக்குச் சீனி போடாத தேத்தண்ணீர் பிளாஸ்க்கில். வேனின் பின்பக்கத்தில் பாயோடும் தலையணையோடும் கேஸ் அடுப்பும் தெக்ச்சியும் ஏறுகின்றன. நுவரெலியாவில் பங்களா எடுத்தால் அங்கேயும் முதலில் பார்ப்பது குசினியைத்தான். ஆண்கள் பிள்ளைகளோடு கிரகரி வாவியில் படகு விடுவார்கள். பெண்கள் குளிர்ந்த தண்ணீரில் சட்டி கழுவுவார்கள். திரும்பி வந்த பிறகு மூன்று நாள் உடுப்புத் துவைப்பு. "ட்ரிப் நல்லா இருந்திச்சா?" என்று பக்கத்து வீட்டு ராத்தா கேட்டால், "நல்லா இருந்திச்சி" என்போம். இடுப்பு வலியைச் சொல்லமாட்டோம்.

யாரும் வேண்டுமென்று இப்படிச் செய்வதில்லை. வெளியூரில் ஹலால் உணவு கிடைக்குமோ என்ற கவலையும், பத்துப் பேருக்குக் கடையில் வாங்கினால் கையைச் சுடும் என்ற கணக்கும் நியாயமானவைதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒருத்தியின் உழைப்புக்கு மட்டும் விலை போடப்படவில்லை. கப்பல் பயணத்தின் மீது நம் பெண்களுக்கு வரும் ஆசையில் பாதி, கடலின் நீலத்துக்காக அல்ல. சமையல் இல்லாத நாலு நாளுக்காக. இந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு வளையலைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

கடல் நமக்குப் புதிதல்ல

மாளிகாவத்தையிலிருந்து கொழும்புத் துறைமுகம் அதிக தூரமில்லை. ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் துறைமுகத்துக் கப்பல்கள் ஒன்றாக ஊதுவதைக் கேட்டே நம்மில் பலர் வளர்ந்தோம். விமானம் வழக்கத்துக்கு வருமுன் நம் முன்னோர் கப்பலில்தான் ஹஜ்ஜுக்குப் போனார்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் வரத் தொடங்கியது. அந்த ஆண்டு முடியுமுன்பே நின்றும் போனது.

தீவுகளும் நமக்கு அந்நியமல்ல. நம் குசினி அலுமாரியில் இருக்கும் மாசித்துண்டைப் பாருங்கள். மாலைதீவிலிருந்து பாய்க்கப்பல்கள் மாசியைக் கொண்டுவந்து கொழும்பில் இறக்கி, அரிசியும் துணியும் ஏற்றிப் போன காலம் நீண்டது. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1343ஆம் ஆண்டில் மாலைதீவுக்குப் போய் அங்கே காதியாகக் கடமையாற்றினார். அப்போது அங்கே ஆட்சி நடத்தியவர் சுல்தானா கதீஜா என்ற பெண்மணி என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். மறு ஆண்டு அவர் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறி, கொழும்பையும் பார்த்துப் போனார். அந்தத் தீவுப் பெண்கள் தங்கள் நாட்டை விட்டு ஒருபோதும் வெளியேறுவதில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். கப்பலில் வந்த ஆண்கள் ஊர் ஊராகப் போனார்கள். பெண்கள் கரையில் நின்றார்கள். இன்று அதே கடலில் உம்மாவும் மகளும் பேத்தியும் சேர்ந்து போகலாம் என்பது சின்ன மாற்றமல்ல.

நம் கரைக்கே வந்த கப்பல்

2023 ஜூன் 5ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. கொர்டேலியா என்ற இந்திய நிறுவனத்தின் கப்பல் அது. 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, பல வருடம் அமெரிக்காப் பக்கம் ஓடிவிட்டுப் பின்பு இந்தியாவுக்கு வந்தது. ஏறத்தாழ 1,600 பேருக்கு இடமுள்ள, மிதக்கும் தொடர்மாடி என்று சொல்லலாம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களுக்கும் அந்தப் பருவத்தில் அது வந்தது. காங்கேசன்துறையை அடைந்தது ஜூன் 16ஆம் தேதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழும்பிலிருக்கும் நாம் அந்தக் கப்பலில் போக விரும்பியிருந்தால், சென்னைக்கு விமானத்தில் போய், அங்கே கப்பலேறி, நம்முடைய திருகோணமலைக்கே வந்து இறங்கி, மறுபடி சென்னைக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குப் பறந்து வரவேண்டும்! இந்தியாவுக்குள் இரண்டு முறை நுழைவதால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா இதற்குப் போதாது. டிக்கட் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய கப்பல் பெரும்பாலும் காலையில் ஒரு துறைமுகத்தில் நின்று மாலையில் புறப்பட்டுவிடும். அந்தச் சில மணி நேரத்தில் பஸ்ஸில் ஏற்றி நாலு இடத்தைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். திருகோணமலையில் இறங்கியவர் மலையையும் கடலையும் பார்த்திருப்பார். கிண்ணியாவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்திருக்கமாட்டார். அம்பாந்தோட்டையில் இறங்கியவருக்கு, அங்கே தலைமுறை தலைமுறையாக மலாய் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள் என்பதே தெரியாமல் போயிருக்கலாம். கப்பல் காட்டுவது துறைமுகங்களைத்தான். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் இரவாவது அந்த ஊரில் தங்க வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

போவதென்று முடிவு செய்தவர்கள் முகவரிடம் பின்வரும் விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, விலை. விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் ஒரு நபருக்கானது. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்குவது என்ற கணக்கில். துறைமுக வரி, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம், கரையில் சுற்றிக்காட்டும் பஸ், இணைய வசதி, சில குடிவகைகள் என்று தனித்தனியாக ஏறும். விமான டிக்கட், விசா, பயணக் காப்புறுதி, துறைமுகத்துக்குப் போகும் வாகனம் எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகைதான் உண்மையான விலை.

இரண்டாவது, உணவு. "இந்தியச் சாப்பாடு இருக்கு" என்ற பதில் நமக்குப் போதாது. இறைச்சி ஹலாலா, யார் கொடுத்த சான்றிதழ், பன்றி இறைச்சி சமைக்கும் பாத்திரமும் கரண்டியும் தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து 2022இல் ஓடத் தொடங்கிய கெந்திங் டிரீம் கப்பலைப் போல, ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகத்தோடு ஓடும் கப்பல்களும் உண்டு. சான்றிதழ் இல்லாத கப்பல் என்றால் மீன், முட்டை, மரக்கறியோடு நாலு நாளைச் சமாளிக்க மனதைத் தயார்படுத்திக்கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது, சூழல். பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் மதுச்சாலையும் சூதாட்டக் கூடமும் உண்டு. மேலே சொன்ன எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் புதுச்சேரிக்குப் போனபோது, சூதாட்டத்தைக் காட்டி அங்கே எதிர்ப்புக் கிளம்பியது. அரசும் அனுமதி கொடுக்கவில்லை. நீச்சல் குளம் ஆண், பெண் எல்லோருக்கும் பொதுவானது. கப்பலில் போனால் எல்லாவற்றிலும் கலந்துகொள்ள வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைகளை அழைத்துப்போகும் தாய், அங்கே என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே அவர்களோடு பேசிவிடுவது நல்லது.

நான்காவது, அறை. ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைந்தது. நாலு பேர் தங்கும் அறையில் மேலும் கீழுமாகக் கட்டில் இருக்கும். ஏணியில் ஏற வேண்டும். கூட்டுக் குடும்பமாகப் போகும்போது பணத்தை மிச்சம் பிடிக்கப் பெரிய பிள்ளைகளைக் கலந்து போட்டுவிடாமல், பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தனித்தனி அறையாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் நாலு நாளும் மறைவுக்கு இடமில்லாமல் அவதிப்படுவது நீங்கள்தான்.

ஐந்தாவது, இறங்கும் முறை. இது மாமியின் முழங்காலுக்கானது. எல்லாத் தீவிலும் பெரிய கப்பல் கரையோடு அணையாது. மாலைதீவிலும் லட்சத்தீவிலும் கப்பல் தூரத்தில் நங்கூரமிட, சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டியிருக்கும். கடல் ஆடும்போது கப்பலிலிருந்து படகுக்குக் கால் வைப்பது வாலிபருக்கே பயம் தரும். எந்தெந்த இடத்தில் படகு மாற வேண்டும், சக்கர நாற்காலி கிடைக்குமா, அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் லிப்ட் உண்டா என்று கேட்காமல் முதியவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இருபத்து நாலு வாரத்தைக் கடந்த கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் பொதுவாகக் கப்பல் நிறுவனங்கள் ஏற்பதில்லை.

ஆறாவது, காலநிலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நம் மேற்குக் கடலும் மாலைதீவுப் பக்கமும் கொந்தளிக்கும்; கிழக்குக் கடல் அந்நேரம் ஓரளவு அமைதியாக இருக்கும். மாலைதீவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். தலைசுற்றல் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தட்டு அறையைக் கேட்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. வயிறு முட்டச் சாப்பிடாமல், மேல்தட்டில் காற்றாட நின்று தூரத்து அடிவானத்தைப் பார்த்தால் சுகமாக இருக்கும்.

சீனி, பிரஷர் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். கப்பலில் வாந்தியும் வயிற்றோட்டமும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வேகமாகத் தொற்றும். கையில் பூசும் திரவம் அந்தக் கிருமிக்குப் போதாது. சவர்க்காரம் போட்டுக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறீர்கள். நீண்ட பயணத்தில் சுருக்கித் தொழவும் சேர்த்துத் தொழவும் சலுகை இருப்பதை நாம் அறிவோம். கப்பல் திசை திரும்பிக்கொண்டே இருப்பதால் கிப்லாவை ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும். கப்பல் எந்தத் திசையில் போகிறது என்பதை ஊழியரிடம் கேட்டு, ஒரு திசைகாட்டியையும் கையில் வைத்துக்கொண்டால் சிரமமில்லை. நிற்க முடியாமல் தலை சுற்றினால் என்ன செய்வது, எத்தனை நாளுக்குச் சுருக்கலாம் என்பன போன்ற விவரங்களை நம் பள்ளி ஆலிமிடம் புறப்படுமுன் கேட்டுத் தெளிவது நல்லது.

தீவுக்காரரின் வீட்டு வாசலில்

மாலைதீவைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு: "அது வெள்ளைக்காரன் போற இடம்." 1972இல் குரும்பா என்ற முதலாவது உல்லாச விடுதி திறந்தபோது போட்ட வழி அப்படித்தான். விடுதிகளுக்குத் தனித் தீவு, அங்கே மதுவும் உண்டு. மக்கள் வாழும் தீவு வேறு, அங்கே மது கூடாது. 2009இல் இந்த முறை மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் சிறிய தங்குமிடங்கள் நடத்த அரசு இடம் கொடுத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் ஊர்க்காரரே நடத்தும் அத்தகைய தங்குமிடங்கள் நிறைய வந்தன. பாங்கு கேட்கும், பள்ளிவாசல் இருக்கும், சாப்பாடு ஹலால், மது இல்லை. வெளிநாட்டார் நீச்சல் உடையில் குளிக்கத் தனிக் கரை ஒதுக்கியிருப்பதால் மற்றக் கரையில் நாம் நம் உடுப்போடு நிம்மதியாகக் கால் நனைக்கலாம். தலைநகர் மாலேயில் 1658இல் முருகைக்கல்லைச் செதுக்கிக் கட்டிய பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. நம்மைப் போன்ற குடும்பத்துக்கு, பெரிய கப்பலில் ஒருநாள் தொட்டுவிட்டு வருவதைவிட, கொழும்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பறந்துபோய் அப்படியொரு தீவில் மூன்று நாள் தங்குவது பொருத்தமாகத் தெரிகிறது.

லட்சத்தீவிலும் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்களே. கொச்சியிலிருந்து கவரத்தி என்ற அரசுக் கப்பலில் 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் சுற்றுலாவை அங்குள்ள நிர்வாகம் நடத்தி வந்திருக்கிறது. பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்கோய் தீவுகளில், இரவில் கப்பலில். ஆனால் அங்கே நுழைய அனுமதிப் பத்திரம் வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒரு சில தீவுகளே திறந்திருக்கின்றன. நம் கடவுச்சீட்டோடு போக நினைப்பவர்கள் முதலில் அதை விசாரிக்க வேண்டும்.

எந்தத் தீவுக்குப் போனாலும் அது ஒருவருடைய வீடு என்பதை மறக்கக் கூடாது. மாலேயிலும் விடுதிகளிலும் சேரும் குப்பையைக் கொட்டுவதற்காகவே 1992 முதல் திலாஃபுஷி என்ற ஒரு தீவை ஒதுக்கினார்கள். நாம் குடித்துப் போடும் பிளாஸ்டிக் போத்தலுக்குத் தீவில் வேறு போக்கிடம் இல்லை. 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது மாலைதீவின் பவளப் பாறைகள் பெருமளவில் வெளிறிச் செத்தன. 1998இல் நம் ஹிக்கடுவைப் பாறைகளுக்கும் அதே கதிதான். மிஞ்சியவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்கக் கூடாது, உடைத்துப் பையில் போடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கரையிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு வார்த்தை. கப்பலில் நம் கட்டிலை விரிப்பவரும் தட்டைக் கழுவுபவரும் பல மாதம் வீட்டை விட்டு வந்து வேலை செய்பவர்கள். மாலைதீவு விடுதிகளிலும் நம் நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டு உழைப்பு என்றால் என்ன என்பது மாளிகாவத்தையில் பல வீடுகளுக்குத் தெரியும். நாம் ஓய்வாக இருக்கும் அந்த நாலு நாளும் வேறொரு தாயின் பிள்ளை நமக்காக நிற்கிறது. பெயரைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு நன்றி சொல்வதற்கு டிக்கட்டில் தனிக் கட்டணம் இல்லையே!

வளையலின் கதை

இனி, எழுதிக் கேட்ட தங்கைக்கு. வளையலை அடகு வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அடகென்றால் வட்டி, அது கூடாது என்பது ஒருபுறம். மறுபுறம், 2022இல் நாடு நெருக்கடியில் விழுந்தபோது நம் பெண்களின் கையிலும் கழுத்திலும் இருந்த நகைதான் எத்தனை வீடுகளில் பால்மாவாகவும் மருந்தாகவும் மாறியது! அடகுக்குப் போன நகையில் மீட்க முடியாமல் போனது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அது உங்கள் உம்மா உங்களுக்குத் தந்தது. குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் என்றால் கொடுப்பது வேறு, நாலு நாள் விடுமுறைக்குக் கழற்றுவது வேறு. கணவரிடம் சண்டை வேண்டாம். மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் எழுதி, எல்லாச் செலவையும் கூட்டி, வட்டியையும் சேர்த்து, அமைதியான நேரம் பார்த்து முன்னால் வையுங்கள். தம்பியின் ஆசை உண்மையானது என்றால் அடுத்த லீவுவரை பொறுப்பார். அதற்குள் வட்டியில்லாச் சீட்டொன்று கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் தம் குடும்பத்தோடு இந்த வருடமே போய்வந்தாலும் மனத்தாங்கல் வேண்டாம். விரலுக்குத் தக்க வீக்கம்தான்.

ஆனால் உங்கள் பதினாறு வருடத்துக் களைப்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வரும் டிசம்பர் விடுமுறையில் கற்பிட்டிக்கு ஒரு வேன் பிடியுங்கள். கொழும்பிலிருந்து நாலு மணி நேர ஓட்டம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடலில் ஓங்கில்கள் துள்ளுவதைப் படகில் போய்ப் பார்க்கலாம். களப்பில் சின்னச் சின்னத் தீவுகள், கரையில் ஒல்லாந்தர் கோட்டை. முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர் என்பதால் பள்ளிக்கும் ஹலால் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். இன்னும் தூரம் போக முடியுமென்றால் நெடுந்தீவு இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரம் அளவில் படகுப் பயணம். பவளக்கல் வேலி கட்டிய வீடுகள், வெட்டவெளியில் திரியும் குதிரைகள், யானைக்கால் போல் பருத்த பெருக்கமரம். தீவும் உண்டு, கடலும் உண்டு, கடவுச்சீட்டு வேண்டாம். மழைக்காலத்தில் அந்தக் கடல் பொல்லாதது. காற்று மழை ஓய்ந்த மாதமாகப் பார்த்துப் போங்கள். மாமிக்கு இந்தப் படகு ஒத்துவராது. அவருக்குக் கற்பிட்டிதான் சரி, கரையில் நிழலில் உட்கார்ந்தே கடலைப் பார்க்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. வேனில் கேஸ் அடுப்பு ஏறக் கூடாது! பகல் சாப்பாட்டை வழியில் புத்தளத்தில் நம்மவர் கடையில் பார்சலாக எடுங்கள். காலையில் பாணும் பருப்பும் போதும். இரவில் சமைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அந்த ஒரு நேரத்தை ஆண்கள் பார்க்கட்டும். கல்யாண வீடுகளில் புரியாணித் தெக்ச்சி கிண்டுபவர்கள் ஆண்கள்தானே? நூறு சஹனுக்குச் சமைக்கத் தெரிந்த இனத்துக்குப் பத்துப் பேருக்குச் சோறாக்கவா தெரியாது! கடைச் சாப்பாட்டுக்கு ஆகும் அந்தக் கூடுதல் செலவைப் பயணக் கணக்கில் "வீட்டுக்காரியின் ஓய்வு" என்று முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். வேன் வாடகையை யாரும் வீண்செலவு என்று சொல்வதில்லையே. இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். "நாங்க அந்தக் காலத்துல விறகடுப்புலேயே ஆக்கிப் போட்டோம்" என்று சொல்லாதீர்கள். நீங்கள் பட்ட பாட்டை மருமகளும் படவேண்டும் என்று உங்கள் மனம் விரும்பாது என்பது எனக்குத் தெரியும். "இந்த ட்ரிப்ல சட்டி பானை வேணாம் மகனே" என்று முதலில் நீங்கள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் வீட்டில் மறுபேச்சு இராது.

சட்டி பானை இல்லாமல் குடும்பமாகப் போய்வந்த சகோதரிகள் யாராவது இருந்தால், எங்கே போனீர்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது என்று எழுதி அனுப்புங்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன் அவற்றைத் தொகுத்து இப்பக்கத்தில் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.